மஹாட் சவதார் குளம்: ஒரு கைத் தண்ணீருக்குப் பத்து வருட வழக்கு!

மும்பையிலிருந்து கோவா நெடுஞ்சாலையில் சுமார் 170 கிலோமீட்டர் தெற்கே போனால் மஹாட் வந்துவிடும். பன்வேல், பென், மாண்காவ் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோக, இடது பக்கம் சஹ்யாத்ரி மலை கூடவே வருகிறது. ஊருக்குள் நுழைவதற்கு முன் காந்தார்பாலே பௌத்தக் குகைகள். ஊரை ஒட்டி சாவித்ரி ஆறு. தமிழில் இந்த ஊர்ப் பெயரை 'மகத்' என்றும் எழுதுகிறார்கள்.

இங்கே வந்து இறங்குகிறவர்களில் பலர் ராய்காட் கோட்டைக்குப் போகிறவர்கள். 1674-ல் சிவாஜி முடிசூட்டிக்கொண்ட கோட்டை அது. மஹாட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரத்துக்குப் போய்விடலாம். டீ குடித்துவிட்டு, வடா பாவ் சாப்பிட்டுவிட்டு, வண்டி மாறிப் போய்விடுகிறார்கள்.

ஆனால், ஊருக்கு நடுவில் ஒரு குளம் இருக்கிறது. நாலு பக்கமும் வீடுகள், கடைகள், போக்குவரத்து. கட்டிய கரைகள், தண்ணீருக்குள் இறங்கும் படிகள், அம்பேத்கர் சிலை. விவரம் தெரியாமல் பார்த்தால், நம் ஊர்த் தெப்பக்குளம் மாதிரிதான் தெரியும். மராத்தியில் இதன் பெயர் 'சவதார் தளே'. சவதார் என்றால் சுவையானது. தளே என்றால் குளம். சுவையான தண்ணீர் உள்ள குளம் என்று ஊரே பெயர் வைத்திருக்கிறது. அந்தச் சுவை என்னவென்று தெரியாமலேயே அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம் வாழ்ந்து செத்திருக்கிறது.

மழைக்குக் குறைச்சல் இல்லாத ஊர்

தண்ணீர்ப் பிரச்னை என்றதும் வெடித்த நிலமும் காலிக் குடங்களும்தான் நம் கண்முன் வரும். மஹாட் அப்படிப்பட்ட ஊர் இல்லை. கொங்கண் கரையில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். 2021 ஜூலையில் பெய்த மழையில் மஹாட் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. இதே தாலுகாவில் தளியே என்ற மலைக் கிராமத்தின் மீது மண் சரிந்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

இவ்வளவு தண்ணீர் இருக்கிற ஊரில்தான், நூறு வருடங்களுக்கு முன்பு, தாகம் எடுத்தவர்கள் குளத்தைத் தாண்டி நடந்து போனார்கள்.

அப்போது இது கொலாபா மாவட்டம். குளத்தில் சாதி இந்துக்கள் தண்ணீர் எடுக்கலாம். முஸ்லிம்கள் எடுக்கலாம். கிறிஸ்தவர்கள் எடுக்கலாம். மாடு இறங்கிக் குடித்தால்கூட யாரும் விரட்ட மாட்டார்கள். மஹர் போன்ற 'தீண்டத்தகாத' சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் மட்டும் தொடக் கூடாது. சந்தைக்கோ கச்சேரிக்கோ சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தால், தங்கள் சேரிக் கிணறு இருக்கிற இடம்வரை அவர்கள் தாகத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் ஊர் சுத்தமாக இருப்பதற்கு அவர்கள்தான் காரணம். செத்த மாட்டை இழுத்துக்கொண்டு போய் அப்புறப்படுத்துவது மஹர்களின் கட்டாய வேலை. ஊரைச் சுத்தம் செய்கிற கைக்கு ஊரின் சுத்தமான தண்ணீர் கிடையாது என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

மாட்டு வண்டியில் ஒரு ராத்திரி

இந்தக் குளத்துக்கு வந்து சேர்ந்த மனிதருக்குத் தாகம் என்றால் என்னவென்று சின்ன வயதிலேயே தெரியும்.

1901-ம் வருடம். அம்பேத்கருக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம். குடும்பம் சதாராவில் இருந்தது. அப்பா கோரேகாவில் காசாளர் வேலையில் இருந்தார். கோடை விடுமுறையில் அவரைப் பார்க்க அண்ணனும் தம்பியும், அக்காள் பிள்ளைகளுமாக ரயிலேறினார்கள். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால், அழைத்துப்போக யாரும் வரவில்லை. பிள்ளைகள் மஹர் என்று தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒப்புக்கொண்டார். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், தான் கூடவே நடந்து வருவேன் என்ற நிபந்தனையோடு!

கையில் கட்டுச்சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. வழியில் சுங்கச்சாவடியில் கேட்டார்கள். கிடைக்கவில்லை. சோறு இருந்தும், தண்ணீர் இல்லாமல் சாப்பிட முடியாமல், அந்த ராத்திரி முழுக்கப் பட்டினியாகக் கிடந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். குழாயை அந்தச் சிறுவன் தொடக் கூடாது. ப்யூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். ப்யூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

பிற்காலத்தில் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்து டாக்டர் பட்டங்களோடு திரும்பிய பிறகு, இந்த அனுபவங்களை அம்பேத்கரே எழுதிவைத்தார்.

காகிதத்தில் திறந்த குளம்

1923-ல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் குளம், கிணறு, சத்திரம் எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்றது அது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், அரசு அலுவலகம், மருந்தகம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த வருடம், 1924-ல், மஹாட் நகராட்சியும் சவதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. நகராட்சியில் சுரேந்திரநாத் டிப்ணீஸ் போன்ற சீர்திருத்த எண்ணம் கொண்டவர்கள் இருந்தார்கள்.

ஆக, சட்டப்படி குளம் திறந்தாகிவிட்டது. ஆனால், ஒருவரும் போய்த் தண்ணீர் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தீர்மானம் கோப்பில் இருந்தது. பயம் தெருவில் இருந்தது. மூன்று வருடங்கள் இப்படியே போயின.

மார்ச் 20, 1927

மஹாட்டுக்குப் பக்கத்தில் உள்ள தாஸ்காவைச் சேர்ந்த ராமச்சந்திர பாபாஜி மோரே என்ற இளைஞர், இங்கே ஒரு மாநாடு நடத்த வேண்டும் என்று முனைந்தார். 1927 மார்ச் 19, 20 தேதிகளில் கொலாபா மாவட்ட ஒடுக்கப்பட்டோர் மாநாடு கூடியது. தலைமை அம்பேத்கர். சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். பலர் நடந்தே வந்தார்கள். கூட்டத்தில் பழைய ராணுவ வீரர்களும் இருந்தார்கள்.

வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே? மாநாட்டுக்காரர்கள் 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கினார்கள். நிரம்பியிருந்த ஒரு பொதுக் குளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் 40 ரூபாய்!

முதல் நாள் அம்பேத்கர் சுயமரியாதை பற்றிப் பேசினார். செத்த மாட்டை இழுக்கப் போகாதீர்கள், அதன் இறைச்சியைச் சாப்பிடாதீர்கள், பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்றார். இரண்டாம் நாள், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேராத அனந்தராவ் சித்ரே எழுந்து, குளத்துக்குப் போய்த் தண்ணீர் குடிப்போம் என்று யோசனை சொன்னார்.

கூட்டம் வரிசையாகக் கிளம்பியது. கையில் ஆயுதம் இல்லை. கடைத்தெரு வழியாக நடந்து குளத்துக்கு வந்தார்கள். அம்பேத்கர் படியில் இறங்கி, தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். பின்னால் வந்தவர்களும் குடித்தார்கள். அமைதியாகத் திரும்பினார்கள்.

இரண்டு மணி நேரத்துக்குள், அடுத்ததாக வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்று ஊரில் வதந்தி கிளம்பியது. அப்படி ஒரு திட்டமே இல்லை. கம்புகளோடு ஒரு கும்பல் மாநாட்டுப் பந்தலுக்கு வந்தது. பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். மீதிப்பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு மண்ணில் கொட்டப்பட்டது. பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் அடி விழுந்தது. சிலருக்கு முஸ்லிம் வீடுகள் அடைக்கலம் கொடுத்தன. முன்னாள் ராணுவ வீரர்கள் திருப்பி அடிக்கத் தயாராக நின்றார்கள். அம்பேத்கர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் வேண்டாம் என்றார். பிறகு, தாக்கியவர்களில் சிலருக்கு நீதிமன்றத்தில் சிறைத் தண்டனை கிடைத்தது.

108 பானைகள்

தண்ணீர் 'தீட்டு'ப் பட்டுவிட்டது அல்லவா? அதைச் சுத்தம் செய்ய ஒரு சடங்கு நடந்தது. 108 மண்பானைகள். பால், தயிர், மாட்டுச் சாணம், மாட்டு மூத்திரம். மந்திரம் ஓதி அதையெல்லாம் குளத்தில் விட்டார்கள். குடிநீரில் சாணத்தைக் கலந்துவிட்டு, இப்போது சுத்தமாகிவிட்டது என்று குடித்தார்கள்.

ஆகஸ்ட் மாதம், 1924-ல் போட்ட தீர்மானத்தை நகராட்சியே ரத்து செய்தது.

டிசம்பரில் மறுபடியும் மாநாடு. இந்த முறை அம்பேத்கரும் தோழர்களும் பம்பாயிலிருந்து 'பத்மாவதி' என்ற படகில் தாஸ்காவ் வந்து, கடைசி ஐந்து மைல் ஊர்வலமாக நடந்தார்கள். பந்தல் போட ஊரில் யாரும் இடம் தரவில்லை. ஃபத்தேகான் என்ற முஸ்லிம் அன்பர்தான் தன் நிலத்தைக் கொடுத்தார். அந்தப் பந்தலில்தான் டிசம்பர் 25 அன்று இரவு மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பிராமண வகுப்பில் பிறந்த கங்காதர் சஹஸ்ரபுத்தே.

குளத்துக்குப் போவதற்கு முன், எதிர்த் தரப்பு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. இது பொதுக் குளமே இல்லை, எங்கள் தனிச் சொத்து என்று வழக்கு. தற்காலிகத் தடையும் வாங்கிவிட்டார்கள். தடையை மீறலாம் என்று கூட்டம் கொதித்தது. மாவட்ட கலெக்டர் வந்து பேசினார். சட்டத்தின் பாதையிலேயே ஜெயிக்கலாம் என்று அம்பேத்கர் முடிவெடுத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலம் வந்து, ஒரு சொட்டுத் தண்ணீரையும் தொடாமல் கலைந்தார்கள்.

அந்த மாநாட்டில் அம்பேத்கர் சொன்னதன் சாரம் இதுதான்: இந்தக் குளத்து நீரைக் குடித்தால் நாம் சாகாவரம் பெறப்போவதில்லை. இத்தனை நாள் குடிக்காமலும் உயிரோடுதான் இருக்கிறோம். நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே இங்கே வந்திருக்கிறோம்.

கூட்டத்துக்கு வந்த பெண்களிடமும் அவர் தனியாகப் பேசினார். தாழ்ந்த சாதி என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்டாதீர்கள் என்றார். மறுநாளே பலர் சேலைக்கட்டை மாற்றிவிட்டார்கள். வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பதும், அதற்காக வசவு வாங்குவதும் இந்தப் பெண்கள்தானே!

தெர்மாமீட்டரின் பயணம்

போலே தீர்மானத்தில் மருந்தகமும் இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறதா? அது ஏன் முக்கியம் என்பதற்கு அதே காலத்தில், வேறொரு பகுதியில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. குஜராத்தின் கத்தியவார் பகுதியில், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதம், 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா' பத்திரிகையில் வெளிவந்தது. அம்பேத்கரும் தன் நூலில் அதை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

ஆசிரியரின் மனைவிக்குப் பிரசவமாகி இரண்டு நாளில் உடல்நலம் மோசமானது. டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். பெரிய மனிதர்களைப் பிடித்துச் சிபாரிசு செய்த பிறகு, இரண்டு ரூபாய் ஃபீஸுக்கு வந்தார். அப்போதும் தாயைச் சேரிக்கு வெளியே தூக்கி வரச் சொன்னார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பிப் போனது. நோயாளியைத் தொடாமலேயே நிமோனியா என்று டாக்டர் சொன்னார். அந்தத் தாய் பிழைக்கவில்லை.

டாக்டர் இருந்தார், மருந்தும் இருந்தது. மஹாட்டில் குளம் இருந்ததைப் போலத்தான்.

ஒரு வரியாக மாறிய குளம்

மஹாட் வழக்கு கீழ்க் கோர்ட், மேல் கோர்ட் என்று நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'தீண்டத்தகாதவர்களை' விலக்கிவைக்கும் பழங்கால வழக்கம் இருந்ததாக எதிர்த் தரப்பு நிரூபிக்கவில்லை என்று அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஒரு கைத் தண்ணீர் குடித்ததற்கு, ஏறக்குறையப் பத்து வருடங்கள் ஆகியிருந்தன.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் ஆகியவற்றைப் பயன்படுத்த மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தில் கிணறும் குளமும் ஏன் வர வேண்டும்? மஹாட்டின் படிகளில் நின்று பார்க்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது.

இன்றைய குளம், இன்றைய குழாய்

இப்போது மார்ச் 20-ம் தேதியும் டிசம்பர் 25-ம் தேதியும் மஹாட்டுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். நீலக் கொடிகள், புத்தகக் கடைகள், பாட்டுக் குழுக்கள். பாட்டிகள் பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்து அழைத்துவருகிறார்கள். மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட இடத்தில் 'கிராந்தி ஸ்தம்பம்' நிற்கிறது.

கதை சுபமாக முடிந்துவிட்டதா என்றால், பாதிதான் என்று சொல்ல வேண்டும். இவ்வளவு மழை பெய்யும் இதே ராய்காட் மாவட்டத்தில், மலைமேல் உள்ள குக்கிராமங்களுக்குக் கோடையில் தண்ணீர் லாரி வர வேண்டியிருக்கிறது. மழைநீர் பாறைச் சரிவில் ஓடிக் கடலுக்குப் போய்விடுகிறது. குழாய் கடைசியாகப் போய்ச் சேர்கிற இடம், பெரும்பாலும் ஊரின் கடைசியில் குடியிருப்பவர்களின் வீடுதான். இது கொங்கணுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது. குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் விஷயமே வெளியே தெரிந்தது. சவதார் குளத்தில் 108 பானைகளைக் கொட்டி 95 வருடங்கள் ஆகியிருந்தன.

சுத்தம் செய்கிற வேலையும் பெரிதாகக் கைமாறவில்லை. கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிராக 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னும் கடுமையாக ஒரு சட்டம் வந்தன. பாதாளச் சாக்கடையில் இறங்கிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலைமை இருக்கிறது என்றால், ஆட்கள் இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? 1924-ல் மஹாட் நகராட்சி போட்ட தீர்மானத்தைப் போலத்தான் இந்தச் சட்டங்களும். யாராவது போய்க் கேட்கும்வரை கோப்பில்தான் இருக்கும்.

போகிறவர்களுக்கு...

கொங்கண் ரயிலில் வந்தால் பக்கத்து ஸ்டேஷன் வீர். அங்கிருந்து சாலை வழியாக மஹாட் போகலாம். மும்பையிலிருந்து பஸ் வசதியும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர்வரை மழை கடுமையாக இருக்கும். பயணத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரிவரை வசதி. ராய்காட் கோட்டை, காந்தார்பாலே குகைகள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க இரண்டு நாள் போதும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் குளத்துக்குக் கட்டாயம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். கையில் உள்ள தண்ணீர் பாட்டிலைக் காட்டி, மாட்டு வண்டியில் போன அந்தச் சிறுவனின் கதையிலிருந்து ஆரம்பியுங்கள்.